மேடையில் ஒரு பேஸ்பால் மைதானம்: எங்கள் நாடகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நான் வசிக்கும் சிறு நகரத்தில் ஒரு கம்யூனிட்டி தியேட்டர் இருக்கிறது. அதில் மேடைப்பொருள்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாற்காலி, தொப்பி, தொலைபேசி, காபிக் கோப்பை எல்லாம் என் பொறுப்பு. இந்த முறை நாங்கள் எடுத்திருப்பது 1947-இல் அமெரிக்க பேஸ்பாலில் கறுப்பினத்தவரை உள்ளே விடாத நிறச்சுவர் உடைந்த கதை. இதைச் சொன்ன நாளிலிருந்து தமிழ் நண்பர்கள் பிறந்தநாள் விருந்திலும், கார் நிறுத்தும் இடத்திலும், நள்ளிரவு வாட்ஸாப்பிலும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

கம்யூனிட்டி தியேட்டர்னா என்ன? சம்பளம் தருவாங்களா?

தர மாட்டார்கள். பகலில் பல் மருத்துவர், பள்ளி ஆசிரியை, டிரக் ஓட்டுநர், கணினிக்காரர் என்று இருப்பவர்கள் சாயங்காலம் கூடி நாடகம் போடுவதுதான் கம்யூனிட்டி தியேட்டர். டிக்கெட் காசு வாடகைக்கும் விளக்குக்கும் துணிக்கும் போகும். மிச்சமிருந்தால் அடுத்த நாடகத்துக்கு.

கதையைச் சுருக்கமா சொல்லுங்க. எனக்கு ஜாக்கி ராபின்சன் பேரு மட்டும்தான் தெரியும்.

பெரும்பாலானோர் நிலை அதுதான். ஜாக்கி ராபின்சன் 1919-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவின் பாசடீனாவில் வளர்ந்தவர். 1945-இல் கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்கில், கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ('நீக்ரோ' என்ற சொல்லை இன்று யாருக்கும் பயன்படுத்தக் கூடாது. லீக்கின் வரலாற்றுப் பெயர் என்பதால் அப்படியே விட்டிருக்கிறோம்.) புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகத் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை வரவழைத்து ஒப்பந்தம் போட்டார். 1946 முழுக்க மான்ட்ரியாலில், டாட்ஜர்ஸின் கிளை அணியில் ஆடினார். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில் முதல் பேஸில் நின்றார். இருபதாம் நூற்றாண்டில், பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக் ஆட்டத்தில் ஒரு கறுப்பின வீரர் இறங்கியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு அவர் ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடிக்கவில்லை. ஒரு ரன் எடுத்தார், அணி 5-3 என்று ஜெயித்தது, அவ்வளவுதான். இது தெரிந்ததும் எங்கள் எழுத்தாளருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கோ பரம சந்தோஷம். முதல் நாளே சிக்ஸர் அடித்திருந்தால் இதை யார் நாடகமாகப் போடுவார்கள்?

கறுப்பினத்தவர் ஆடக் கூடாதுன்னு சட்டமே இருந்துச்சா?

மேஜர் லீக் விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. எங்கள் நாடகத்தின் முதுகெலும்பே இதுதான். 1884-இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் டொலீடோ அணிக்கு மேஜர் லீக்கில் ஆடியிருக்கிறார். 1887-இல் இன்டர்நேஷனல் லீக் என்ற சிறு லீக்கின் அணி உரிமையாளர்கள் கூடி, இனிமேல் கறுப்பினத்தவரை ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்களித்தார்கள். மற்றவர்கள் வாக்கெடுப்புகூட வைக்கவில்லை, சும்மா எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இதற்குக் 'கனவான்கள் ஒப்பந்தம்' என்று அழகான பெயர் வேறு.

1943 டிசம்பரில் அணி உரிமையாளர்கள் கூட்டத்துக்குக் கறுப்பின நடிகர் பால் ரோப்சன் வந்து பேசினார். அப்போது அவர் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்துக்கொண்டிருந்தார். கல்லூரி நாளில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர், அமெரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வானவர். கறுப்பு ஒத்தெல்லோவை அமெரிக்கா ஏற்காது என்றுதான் முன்பு சொன்னார்கள், இப்போது அரங்கு நிறைகிறதே என்று அவர் கேட்டார். கூட்டத்தில் இருந்த பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், அப்படி ஒரு தடையே எங்களிடம் இல்லை என்றார். எங்கள் முதல் காட்சி அந்த அறை. நீள மேசை, பதினாறு நாற்காலி, எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரித் தண்ணீர்க் குவளை. ரோப்சன் பேசி முடித்ததும் யாரும் கேள்வி கேட்பதில்லை. காகிதக் கோப்புகளை மூடும் சத்தம் மட்டும் கேட்கும்.

பேஸ்பால் தெரியாது, கிரிக்கெட்தான் தெரியும். புரியுமா? அதுவும் மேடையில எப்படிங்க விளையாடுவீங்க?

கிரிக்கெட் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஒருவர் எறிகிறார், ஒருவர் அடிக்கிறார், அடித்தவர் நான்கு மூலை சுற்றி வந்தால் ஒரு ரன். நாடகத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. முதல் மூலையான முதல் பேஸ் எப்படிப்பட்ட இடம் என்பது மட்டும் முக்கியம்: ஓடி வருபவர் ஒவ்வொருவரும் அங்கே நிற்பவரை உரசிக்கொண்டுதான் போவார். ஷூவின் அடியில் இரும்புக் கூர்முனைகள் இருக்கும். ராபின்சனை அந்த இடத்தில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

மேடையில் பந்து கிடையாது. முதல் வாரம் நிஜப் பந்து வைத்துப் பார்த்தோம், அது நேராக விளக்குப் பலகையில் போய் விழுந்தது. அப்புறம் பந்தைத் தூக்கிவிட்டோம். பேட்டும் கையுறையும் நிஜம், பந்து பார்வையில் மட்டும். இயக்குநர் ஒரு நீளக் குச்சி நுனியில் சிவப்புத் துணி கட்டி, அரங்கின் பின்சுவர் ஓரமாக நடந்துகொண்டே இருப்பார். மேடையில் ஒன்பது பேரும் அந்தத் துணியையே பார்க்க வேண்டும். பத்து நாள் இதே பயிற்சி. இப்போது துணி இல்லாமலே ஒன்பது தலையும் ஒன்றாகத் திரும்புகின்றன. போன வாரம் ஒத்திகை பார்க்க வந்த ஒரு பாட்டி பந்து எங்கே விழுந்தது என்று தானும் திரும்பிப் பார்த்தார்.

பேட்டில் பந்து படும் சத்தம் என் கையில். பக்கத்திரைக்குப் பின்னால் நின்று இரண்டு கடின மரக்கட்டைகளைத் தட்டுகிறேன். நடிகரின் மணிக்கட்டு திரும்பும் கணத்தில் தட்ட வேண்டும். அரை நொடி பிந்தினால் அரங்கமே சிரிக்கும். சிரித்தும் இருக்கிறது.

அப்போ இருந்த கறுப்பின வீரர்கள்ல இவர்தான் பெஸ்ட்டா?

இல்லை, அப்படி யாரும் சொன்னதில்லை. சாட்செல் பேஜ் என்ற பிட்சரும் (பந்து எறிபவர்), ஜாஷ் கிப்சன் என்ற பேட்டரும் நீக்ரோ லீக்கின் மலைகள். கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்னால், 35 வயதில் இறந்துபோனார். 2024-இல் நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் தன் கணக்கில் சேர்த்தது. அப்போது வாழ்நாள் பேட்டிங் சராசரியில் கிப்சன் முதலிடத்துக்கு வந்துவிட்டார். அவர் பெயர் வரும்போது மேடையில் ஒரு பேட்டைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு விலகிவிடுகிறோம். அதை யாரும் எடுப்பதில்லை.

ரிக்கி தேடியது வேறு தகுதிகளை. ராபின்சன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் வெள்ளை மாணவர்களோடு சேர்ந்து ஆடிப் பழகியவர். ராணுவ அதிகாரியாக இருந்தவர். 1944-இல் டெக்சஸில் ராணுவப் பேருந்தில் பின்னால் போய் உட்கார மறுத்ததற்காக ராணுவ விசாரணைக்கு இழுக்கப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். சாது என்று நினைத்துவிடாதீர்கள். சட்டென்று கோபம் வருகிற மனிதர். அந்த மனிதரிடம்தான் திருப்பி அடிக்காதே என்று கேட்டார்கள்.

ரிக்கி நல்லவரா, இல்ல காசுக்காகச் செஞ்சாரா?

இந்தக் கேள்விக்கு எங்கள் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. ரிக்கி பக்திமான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கே வர மாட்டார். கல்லூரி அணிப் பயிற்சியாளராக இருந்தபோது, ஒரு விடுதியில் தன் அணியின் கறுப்பின மாணவனுக்கு அறை தர மறுத்ததையும், அந்தப் பையன் தன் கைத்தோலைத் தேய்த்துத் தேய்த்து அழுததையும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம், அவர் கைக்கெட்டாமல் கிடந்த திறமைச் சுரங்கத்தையும், டிக்கெட் வாங்கக் காத்திருந்த கறுப்பின ரசிகர்களையும் கணக்குப் போடத் தெரிந்த வியாபாரி. இரண்டையும் தாண்டி வெளியிலிருந்து வந்த நெருக்கடியும் உண்டு. வெண்டல் ஸ்மித், சாம் லேசி போன்ற கறுப்பினப் பத்திரிகையாளர்களும் கம்யூனிஸ்ட் நாளிதழின் லெஸ்டர் ராட்னியும் ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்திருந்தார்கள். 1945-இல் நியூயார்க் மாநிலம் வேலை தருவதில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்து சட்டமும் கொண்டுவந்தது. கதவை ஒருவர் திறந்தார் என்று நாடகம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக, ரிக்கியின் காட்சிகள் எல்லாவற்றிலும் மேடை ஓரத்தில் ஒரு தட்டச்சுப்பொறி ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும்.

எங்களுக்குப் பிடித்த காட்சி 1945 ஆகஸ்ட் 28, மான்டேக் தெருவில் இருந்த அவர் அலுவலகம். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ரிக்கி அங்கே நடித்துக் காட்டினார். அறை இல்லை என்று விரட்டும் விடுதிக்காரராக, சாப்பாடு போட மறுக்கும் பரிசாரகராக, கூர்முனை ஷூவோடு பாய்ந்து வந்து முகத்தில் குத்தும் எதிரணி ஆளாக மாறி மாறி நின்று, வாயில் வந்ததையெல்லாம் கத்தினார். திருப்பி அடிக்கப் பயப்படும் ஆளா உங்களுக்கு வேண்டும் என்று ராபின்சன் கேட்க, திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உள்ள ஆள் வேண்டும் என்றார் ரிக்கி. அமெரிக்க விளையாட்டில் இன ஒருங்கிணைப்பு ஓர் ஒத்திகையில் ஆரம்பித்திருக்கிறது பாருங்கள். நாடகக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த அசிங்கமான வார்த்தைகளை அப்படியே மேடையில பேசுவீங்களா?

அதிகம் சண்டை போட்டது இதற்குத்தான். 1947 ஏப்ரல் 22 அன்று பிலடெல்பியா அணி புரூக்ளினுக்கு வந்தது. அதன் மேலாளர் பென் சாப்மனும் ஆட்களும் டக்அவுட்டில் (மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடம்) இருந்தபடி ராபின்சனை நோக்கி இடைவிடாமல் கத்தினார்கள். பருத்திக் காட்டுக்குத் திரும்பிப் போ என்பது அதில் மென்மையான ரகம். பேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த டக்அவுட்டுக்குள் பாய்ந்துவிடலாமா என்று தோன்றியதாக ராபின்சன் பிற்பாடு எழுதினார். மூன்றாவது நாள் பொறுக்க முடியாமல் எட்டி ஸ்டாங்கி என்ற அவருடைய அணிக்காரர் எதிரணியைப் பார்த்து, திருப்பிப் பேசக்கூடிய ஆளிடம் கத்துங்களேன் என்று சத்தம் போட்டார்.

முதல் வாசிப்பில் ஒரு விதி வைத்தோம்: அந்த வசைச்சொல் வரும் இடத்தில் யாரும் அதை உச்சரிக்கக் கூடாது, காலால் தரையை ஒரு தட்டு தட்ட வேண்டும். மூன்று வாரம் இப்படியே போனது. அதற்குப் பிறகு எழுத்தாளர் வார்த்தையை எடுத்தால் வரலாற்றை வெள்ளையடித்த மாதிரி என்றார். ராபின்சனாக நடிப்பவரோ, தினமும் என் காதில்தானே விழும், உங்கள் காதில் இல்லையே என்றார். முடிவை அவரிடமே விட்டோம். இப்போது அந்தச் சொல் முழு நாடகத்திலும் ஒரே ஒரு முறை வரும். அதற்குப் பிறகு சாப்மனின் வாய் அசையும், குரல் வராது, என் மரக்கட்டைகளின் தட்டல் மட்டும் வேகமாகும். பத்தாவது முறை கேட்கும்போது எந்த வசையும் மரத்துப்போய்விடும் என்பது என் கட்சி. எழுத்தாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சாப்மனாக நடிப்பவர் ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஈ எறும்புக்குத் தீங்கு நினையாதவர். அந்தக் காட்சி முடிந்ததும் தொப்பியைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுத்தான் உடைமாற்றும் அறைக்குப் போக வேண்டும், தொப்பி உள்ளே வரக் கூடாது. இதை விதியாகப் போட்டது அவரே. தொப்பிக்கென்று மேசையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

நானே கறுப்புதான். நான் ராபின்சனா நடிக்கக் கூடாதா?

வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள், பாதி விளையாட்டாக, பாதி நிஜமாக. எங்கள் குழுவில் கூடாது. நிறம் ஒத்துப்போவது போதாது. அந்த மனிதர் சுமந்தது அமெரிக்க அடிமை முறையிலிருந்தும் அதற்குப் பிந்தைய பிரிவினைச் சட்டங்களிலிருந்தும் வந்த சுமை. இந்த ஊரில் கறுப்பின நடிகர்களுக்கு முக்கிய வேடம் கிடைப்பது அபூர்வம், கிடைக்கும் ஒன்றையும் நாம் போய் எடுத்துக்கொண்டால் நாடகத்தின் பொருளே கவிழ்ந்துவிடும். முகத்தில் மை பூசுவது பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். இந்த நாட்டு மேடையில் கறுப்பினத்தவரைக் கேலி செய்யவே பிறந்த வழக்கம் அது.

ஆனால் வேடம் இல்லாமல் இல்லை. எங்கள் நாடகத்தில் வானொலிக் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஏழெட்டுப் பேர் ஓர் ஓரத்தில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டத்தைக் கேட்பார்கள், இடையிடையே பேசுவார்கள். அதில் யாரும் இருக்கலாம். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அதில் தான் ஜெயித்த ஐந்து டாலர் பந்தயத்தைப் பற்றி நான்கே வரி பேசுகிறார். கைத்தட்டல் அவருக்குத்தான் அதிகம்.

சரி, வெள்ளைக்காரங்க எல்லாரும் வில்லனா? அந்தத் தோள்ல கை போட்ட ஆளு வருவாரா?

பீ வீ ரீஸைக் கேட்கிறீர்கள். கென்டக்கிக்காரர், டாட்ஜர்ஸின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர். சின்சினாட்டியில் கூட்டம் ராபின்சனைத் திட்டியபோது நடந்துபோய் அவர் தோளில் கை போட்டார் என்பது கதை. புரூக்ளினில் அதற்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆனால் 1947-இல் நடந்ததா, 1948-இல் நடந்ததா, வேறு ஊரிலா என்பதில் சொன்னவர்களே ஒத்துப்போவதில்லை. அந்த நாள் பத்திரிகைச் செய்திகளில் அது இல்லை. அதனால் அதை மேடையேற்றவில்லை. வானொலிக் கூட்டத்தில் ஒருவர் 'நான் பார்த்தேன்' என்பார், இன்னொருவர் 'நீ அன்னைக்கு ஊர்லயே இல்லையே' என்பார்.

ரீஸ் நிச்சயமாகச் செய்த ஒன்று இருக்கிறது. 1947 பயிற்சிக் காலத்தில் டாட்ஜர்ஸ் வீரர்கள் சிலர் ராபின்சனோடு ஆட மாட்டோம் என்று மனு தயாரித்தார்கள். ரீஸ் கையெழுத்துப் போட மறுத்தார். விஷயம் தெரிந்த மேலாளர் லியோ டுரோஷர் நடுராத்திரி எல்லோரையும் எழுப்பி, உடுத்தியிருந்த இரவு உடுப்போடு, மனுவை எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளுங்கள் என்று விளாசினார். காட்சி சிரிப்பாகவே போகும். சிரிப்பு அடங்கும்போது அந்தக் காகிதம் மேசைமேல் கிடக்கும்.

சாப்மனும் ராபின்சனும் மே மாதம் பிலடெல்பியாவில் சேர்ந்து எடுத்துக்கொண்ட பத்திரிகைப் படம் ஒன்று உண்டு. கைகுலுக்காமல், ஒரே பேட்டின் இரு முனையை இருவரும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்தப் படத்தை அப்படியே மேடையில் உறைநிலையாக வைத்திருக்கிறோம். இடைவேளை அந்த இடத்தில்தான்.

ராபின்சனோட மனைவிக்கு வேடம் இருக்கா, இல்ல சும்மா அழறதுக்கு மட்டுமா?

ரேச்சல் ராபின்சன் செவிலியர் படிப்பு முடித்தவர். ஜாக்கி இறந்த பிறகு அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, கறுப்பின மாணவர்களைப் படிக்கவைத்தவர். அவரை அழ மட்டும் வைத்தால் அநியாயம். அவருக்கென்று ஒரு காட்சி. 1946 பிப்ரவரியில் கல்யாணம், மாதக் கடைசியில் பயிற்சி முகாமுக்காக ஃப்ளோரிடா பயணம். கிளம்பும்போது மாமியார் மல்லி ஒரு செருப்புப் பெட்டி நிறையப் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுக்கிறார். புதுப்பெண்ணுக்கு வெட்கம், விமானத்தில் போகிறோம், இது எதற்கு என்று. நியூ ஆர்லியன்ஸில் அவர்களை விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட ஓர் உணவகம் விடவில்லை. அந்தப் பெட்டியைத்தான் பிரித்தார்கள். பென்சகோலாவில் மறுபடியும் இறக்கிவிட, மிச்சத் தூரம் பேருந்தின் கடைசி வரிசையில்.

அந்தக் காட்சியில் பேச்சே கிடையாது. ரேச்சல் பெட்டியின் கயிற்றை அவிழ்ப்பார், ஒரு முட்டையை உடைத்து ஓட்டை உரித்துக் கணவர் கையில் வைப்பார். நிஜ முட்டை. தினம் ஆறு அவிக்கிறேன். ஓடு உரியும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கிறது.

இவர் உள்ளே போனதும் எல்லாம் சரியாயிடுச்சா?

இரண்டாம் பாதியே இந்தக் கேள்விக்குத்தான். அதே 1947 ஜூலையில் க்ளீவ்லாந்து அணிக்கு லாரி டோபி என்ற கறுப்பின வீரர் வந்தார். அப்புறம் ஒவ்வோர் அணியாக, மெதுவாக. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1945 ஏப்ரலிலேயே ராபின்சனை வரவழைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. அதே அணி கடைசி ஆளாக 1959-இல்தான் ஒரு கறுப்பின வீரரை, பம்ப்சி கிரீனை, களமிறக்கியது.

மறுபக்கம் நீக்ரோ லீக் சரிந்தது. சிகாகோவில் ஆண்டுதோறும் நடக்கும் நட்சத்திர ஆட்டத்துக்கு ஐம்பதாயிரம் பேர் திரண்ட லீக் அது. பயிற்சியாளர், பேருந்து ஓட்டுநர், டிக்கெட் விற்பவர், அணி முதலாளி என்று கறுப்பினத்தவரே நடத்திய தொழில். ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்கப் புரூக்ளினுக்குப் போய்விட்டார்கள். ராபின்சனுக்காக மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு காசு தரவில்லை. நியூவர்க் ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் எஃபா மேன்லி இதைச் சத்தமாகக் கேட்டவர். அவர் அணியின் டான் நியூகோம்பை ரிக்கி சும்மா எடுத்துக்கொண்டார். அதே அணியின் டோபியை வாங்க வந்த க்ளீவ்லாந்து முதலாளியிடம் பேரம் பேசி 15,000 டாலர் வாங்கினார் மேன்லி. வெள்ளைக்காரராக இருந்தால் ஒரு லட்சம் கொடுத்திருப்பீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாக வரலாறு. 1948 ஆட்டக்காலத்தோடு அவர் அணியையே விற்க வேண்டி வந்தது. பேஸ்பால் புகழரங்கில் இடம்பெற்ற ஒரே பெண் அவர், அதுவும் இறந்து கால் நூற்றாண்டு கழித்து 2006-இல். மேன்லியாக நடிப்பவர் ரசீதுப் புத்தகத்தோடு ரிக்கியின் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். ரிக்கி நல்லவரா என்ற கேள்விக்கு மேலே நான் இரண்டு கட்சி என்று சொன்னேனே, இந்தக் காட்சிக்குப் பிறகு கட்சி மாறியவர்கள் குழுவில் மூன்று பேர்.

பேஸ்பால் மட்டும்தானா? மத்த விளையாட்டுல என்ன நடந்துச்சு?

ஒரே நாடகத்தில் எல்லாம் அடங்காது. அமெரிக்கக் கால்பந்தில் 1946-இல் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும், கூடைப்பந்தில் 1950-இல் எர்ல் லாய்டு உள்ளிட்ட மூவரும், டென்னிஸில் அதே ஆண்டு ஆல்தியா கிப்சனும் வந்தார்கள். கோல்ஃப் சங்கம் 1961 வரை வெள்ளையருக்கு மட்டும் என்று விதியிலேயே எழுதிவைத்திருந்தது. இந்தப் பெயர்களை எல்லாம் வானொலிச் செய்தியாக ஓடவிடுகிறோம்.

இங்க வந்து கறுப்பினத்தவர் கதைய போடுறீங்க. நம்ம ஊர் ஜாதிய பத்தி ஏன் வாயத் திறக்கல?

நியாயமான குத்தல். இதை ஒத்திகைக்கு வந்த ஒரு மாமாதான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. பல்வங்கர் பாலு என்று ஒரு பந்துவீச்சாளர், தோல் தொழில் செய்யும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். புனேயில் ஆடும்போது இந்து அணியினர் அவரோடு பந்தைத் தொட்டு ஆடுவார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே தனியாக, மண் குவளையில். 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்து அணியின் கேப்டன் பதவி கடைசி வரை கிடைக்கவில்லை, அவருடைய தம்பி விட்டலுக்கு 1923-இல் கிடைத்தது.

மேடைப்பொருள் பார்ப்பவன் என்பதால் அந்தக் குவளைதான் என் கண்ணில் நிற்கிறது. அதை இந்த நாடகத்தில் செருகவில்லை. அமெரிக்கக் கதையை நம் கதைக்கு முன்னுரையாக ஆக்குவது இரண்டு பேருக்கும் மரியாதையில்லை. தனி நாடகமாக எழுத ஒருவர் உட்கார்ந்தால் குவளையை நான் தேடித் தருகிறேன். அந்த மாமாவிடமும் சொல்லியிருக்கிறேன், எழுதுங்கள் என்று.

பசங்களைக் கூட்டிட்டு வரலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அந்த ஒரு சொல் இடைவேளைக்குச் சற்று முன் வரும் என்பதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். கறுப்பினக் குழந்தைகள் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள், அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை சிரித்துவிடக் கூடாது.

நிஜ மனிதர்களைப் பத்தி எழுத அனுமதி வேண்டாமா?

வரலாற்றில் பதிவான சம்பவங்களை வைத்து எங்கள் எழுத்தாளரே எழுதியது இது. இன்னொருவர் நாடகத்தை எடுத்தால் ஒவ்வொரு காட்சி நாளுக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டும், வரி மாற்றக் கூடாது. அணிச் சின்னங்கள் பதிவு பெற்றவை என்பதால் சட்டையிலும் சுவரொட்டியிலும் அவற்றைப் போடவில்லை. வெறும் எழுத்தும் எண்ணும் தைத்தோம்.

கடைசி காட்சி என்ன? 1955 வெற்றியோட முடிச்சா நல்லா இருக்குமே?

1955-இல் டாட்ஜர்ஸ் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றதும், 1997-இல் அவருடைய 42 என்ற சட்டை எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று எல்லா அணிகளும் ஓய்வுபெற வைத்ததும் நல்ல முடிவுகள்தான். நாங்கள் எடுத்தது 1972 அக்டோபர் 15. சின்சினாட்டியில் உலகத் தொடர் ஆட்டத்துக்கு முன் அவரை மைதானத்துக்கு அழைத்துப் பாராட்டினார்கள். 53 வயது, தலை முழுக்க நரை, நீரிழிவால் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, மூன்றாம் பேஸ் ஓரம் ஒரு கறுப்பின மேலாளர் நிற்பதைப் பார்க்கும் நாளில் இன்னும் மகிழ்வேன் என்றார். ஒன்பது நாள் கழித்து இறந்தார். 1975-இல்தான் ஃபிராங்க் ராபின்சன் முதல் கறுப்பின மேலாளராகக் களத்துக்கு வந்தார்.

மேடையில் மூன்றாம் பேஸ் ஓரமாகச் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் வரைந்திருப்போம், பயிற்சியாளர் நிற்கும் கட்டம். நாடகம் முழுக்க அதில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். கடைசியில் விளக்கு அதன்மேல் மட்டும் இருக்கும்.

நானும் சேரலாமா? நடிப்பெல்லாம் வராது.

சேரலாம். வானொலிக் கூட்டத்துக்கு இரண்டு பேர் தேவை, மரக்கட்டைக்கு எனக்கு ஒரு மாற்று ஆள் தேவை, முட்டை அவிக்கவும் ஆள் தேவை. வரும்போது பென்சில் கொண்டு வாருங்கள். பேனா வேண்டாம், வசனம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது.